இருட்டுக்கு யார் சொந்தம்?

துருவ ஒளியைப் பார்க்க முதலில் இருட்டு வேண்டும். 2023 டிசம்பரில் இந்திய அரசு, சூரியனே தலைகாட்டாத ஆர்க்டிக் குளிர்காலத்தில், ஹிமாத்ரி நிலையத்துக்கு முதன்முறையாக விஞ்ஞானிகளை அனுப்பியது. அவ்வளவு தூரம் போகாமலே 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் துருவ ஒளி சிவப்பாகக் காமிராவில் விழுந்தது. ஹான்லேயை நடத்துகிற இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு நம்ம பக்கத்திலும் ஓர் இருட்டு உண்டு: சவ்வாது மலைக் காவலூர். இங்கே துருவ ஒளி தெரியாது, நட்சத்திரம் தெரியும்.

ஊர் வெளிச்சம் படாத வானத்துக்காகத்தான் வேணு பாப்பு 1960களில் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கி. 1977இல் யுரேனசின் வளையங்களைக் கண்ட இடங்களில் காவலூரும் ஒன்று. 1986இல் ராஜீவ் காந்தி வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்து வைத்தார். நான் படித்த வானியல் வரலாறுகளில் இதெல்லாம் இருக்கிறது. மலையாளிப் பழங்குடிகள் இல்லை. கேரளத்து மலையாளி இல்லீங்க, இந்த மலையில சாமை விதைச்சு வாழ்ற சனம். அவங்க ஊருக்குக் கரண்டும் ரோடும் லேசுல வரல. அந்தப் பஞ்சமும் சேர்ந்துதான் வானியலுக்கு நல்ல இருட்டு.

2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் சவ்வாது மலைக்காரர்களும் உண்டு. அப்போது பேரும் ஊரும் பட்டியலாக அச்சானது.

ஹான்லேயில் 2022இல் இருள்வான் காப்பகம் அறிவித்தார்கள். ஊர்க்காரர்களுக்கே பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டி அவர்கள் சம்பாதிக்கிறார்கள். நல்ல காரியம். காவலூர்க்காரங்க அரை நூற்றாண்டுக்கு மேலா இருட்டைக் கொடுத்திருக்காங்க. அதே கணக்கு அவங்களுக்கும் வேணும்.