நாலாலை பிரியாத பக்கங்கள்

"சேர், நாப்பத்திரண்டு பக்கம் நாலாலை பிரியாதே. என்ன செய்வம்?"

வவுனியாவில் மலர் அச்சாகிக்கொண்டிருந்த இடத்திலிருந்து வந்த அழைப்பு அது. நெடுங்கேணியில் ஒரு பாடசாலை மலருக்கு நான் ஆசிரியராய் இருந்த முதல் வருடம். கட்டுரைகளைத் திருத்தி, ஆசிச்செய்திகளைப் பதவி வரிசைப்படி அடுக்கி, வேலை முடிந்ததென்று இருந்தவனுக்கு, பக்கத்தை ஏன் நாலால் வகுக்கவேண்டும் என்பது விளங்கவில்லை. விளங்காததைக் காட்டிக்கொள்ளாமல், "நீங்களே பாத்துச் செய்யுங்கோ" என்றேன். மலர் வந்தபோது கடைசி இரண்டு பக்கங்களிலும் பூச்சாடிப் படம். எங்கள் மலர்களில் ஆசிச்செய்திகள் பெருகுவதற்கும் இந்த வகுத்தல் கணக்கு பாதிக் காரணம் என்பது என் சந்தேகம்.

இப்போது மலர்க்குழுவில் சேரும் பிள்ளைகளுக்குக் கணினியைத் திறக்கமுன் ஒரு வெள்ளை ஒற்றையைக் கையில் கொடுக்கிறேன். ஒருமுறை மடித்தாலே நாலு பக்கம். மூன்று முறை பாதிபாதியாக மடித்தால் 8 இதழ், 16 பக்கம். மடிப்பை வெட்டாமல், மூலைகளை விலக்கி விலக்கி 1 முதல் 16 வரை இலக்கமிட்டு, பிறகு விரித்துப் பார்க்கவேண்டும். 1க்குப் பக்கத்தில் 16 கிடக்கும். 4க்குப் பக்கத்தில் 13. ஒரு வரிசை தலைகீழாய் நிற்கும். சோடி சோடியாகக் கூட்டினால் எங்கும் 17 வரும். தமிழ்நாட்டு அச்சகங்களில் இதை ஒரு 'பாரம்' என்பார்கள். கலைச்சொல் பட்டியலில் படித்த பிள்ளை மறுகிழமை மறந்துவிடும். மடித்துப் பார்த்த பிள்ளை மறப்பதில்லை.

சொற்களையும் அப்படி விரித்துப் பார்க்கலாம். 'அச்சு' என்ற சொல்லையே எடுங்கள். வண்டிக்கும் அச்சு, தறிக்கும் அச்சு. தகப்பனை அச்சொட்டாய் உரித்துவைத்த பிள்ளை என்கிறோம். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவியதற்கு வைத்த பெயர் வித்தியாநுபாலன யந்திரசாலை. யந்திரசாலை, அச்சுக்கூடம், அச்சகம் என்றெல்லாம் வழங்கியது ஊர்வாயில் 'பிறஸ்' ஆயிற்று. எல்லாம் எங்கள் சொற்கள்தான். தூய்மை பார்க்கும் நண்பர்கள் கோபிக்கலாம். ஆனால் ஒப்செற்காரரோடு பேசும்போது 'பிளேற்' என்றால்தான் வேலை நடக்கும். அதேநேரம் 'மெய்ப்பு' என்ற சொல்லை நான் 'புரூவ்' என்பதற்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். எழுதியதும் அச்சானதும் மெய்யாய் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

'அச்சுக்கோப்பு' இன்னொரு நல்ல சொல். 1841இல் உதயதாரகைப் பத்திரிகை தொடங்கிய நாள் முதல், 1966இல் டொமினிக் ஜீவா மல்லிகைச் சஞ்சிகையைத் தொடங்கியபோதும் கூட, எழுத்தைக் கையால்தான் கோத்தார்கள், பூக்கோப்பதுபோல. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலமாய் மாறிக் கிடக்கும் ஈய எழுத்துகளைக் கோப்பவர் தடக்கமின்றி வாசிப்பார். வரிக்கும் வரிக்கும் இடையே மெல்லிய ஈயத் தகடு வைப்பார். கணினியில் இன்று ஓர் எண்ணைத் தட்டி மாற்றும் வரியிடைவெளி அந்தத் தகட்டின் வாரிசு. அதை அளப்பது பொயின்றில்; ஓர் அங்குலத்துக்கு 72 பொயின்ற். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியைத் தமிழுக்கு விட்டால் மேல்வரிக் 'கூ'வின் சுழியும் கீழ்வரிக் 'கீ'யின் மேற்சுழியும் முட்டிக்கொள்ளும். எங்கள் எழுத்து மேலும் கீழும் கைகால் நீட்டுவது. அதற்குப் பாயை அகல விரிக்கவேண்டும்.

ஈயம் போய்ப் பாமினி எழுத்துரு வந்தது. பாமினியில் தட்டிய 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாய்த் தெரியும். அந்த அரைப்புள்ளிதான் 'ம்'மின் குற்று. தமிழ் எழுத்துக்குத் தனி இடம் கொடுக்கும் யுனிகோட் ஏன் வேண்டும் என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நிறத்தில்தான் மனவருத்தம் கூட. தொலைபேசித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் படம் காட்டுகிறது. அச்சோ இளநீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மையால். மாரி வயலின் பச்சை திரையில் மின்னும். தாளில் ஒரு வாட்டத்தோடுதான் வரும். மையால் எட்டமுடியாத பச்சைகள் உண்டு. படத்தின் அளவும் இப்படித்தான் ஏமாற்றும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 900 புள்ளி அகலப் படம் 3 அங்குலத்துக்கு மேல் தாங்காது. வட்சப்பில் சுருங்கி வந்த படத்தை முழுப்பக்கத்துக்கு இழுத்தால் முகம் கட்டம் கட்டமாய்ப் போகும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் அச்சாகும் மலர் பாடசாலை மலரன்று. ஒருவர் இறந்த 31ஆம் நாளுக்கு அடிக்கும் நினைவுமலர்தான். அதைக் 'கல்வெட்டு' என்கிறோம். நெடுங்கேணி ஒலுமடுவில், வெடுக்குநாறி மலையில், பிராமி எழுத்துப் பொறித்த மெய்யான கல்வெட்டும் இருக்கிறது. கல்லில் வெட்டியவனுக்கு மெய்ப்புப் பார்க்க இரண்டாம் வாய்ப்பு இருந்திராது. செத்தவீட்டு அவசரத்தில் வம்சாவளியில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் என்னாகும் என்பதை அறிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப்பேர். இடப்பெயர்வுகளில் வீட்டுப் பெட்டிகளோடு போன மலர்களும் கல்வெட்டுகளும் கணக்கில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இத்தகையவை பலவற்றை இன்று பார்க்கலாம். கையில் ஒரு பழைய பிரதி வைத்திருப்பவர்கள் அதைப் படியெடுக்கக் கொடுக்கவேண்டும்.

இம்முறை எங்கள் பாடசாலை மலர் 44 பக்கம், நாலால் பிரியும். நடுப்பக்கம் 22, 23. இரண்டு பக்கமும் ஒரே தாளாய் வருவது அங்கே மட்டும்தான் என்று கண்டுபிடித்த ஒரு மாணவி, குழுப்படத்தை அங்கே போடுவோம் என்றாள். எல்லோரும் சம்மதித்தோம். மாதிரிப் பிரதியான டமியைப் பின்னடித்துப் பார்த்தால், பின் இரண்டும் நடுக்கதிரையில் இருந்த அதிபரின் நெற்றியிலும் முழங்காலிலும் ஏறியிருந்தன. மறுநாள் காலை மறுபடி படம் எடுத்தோம், நடுவில் ஒரு கதிரையளவு இடம் விட்டு.