கல்லணையில் திறந்ததும் கடைமடைக்கு வந்ததும்

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை. மேட்டூர் அணை கட்டி முடிந்தது 1934இல். குறுவைக்காக ஜூன் 12இல் திறப்பது வழக்கம். செய்தி பேப்பரில் வந்ததும் அப்பா "இத்தனை ஆயிரம் கன அடி" என்ற எண்ணைப் படிப்பார், மடித்து வைத்துவிடுவார். அப்புறம் தினமும் காலையில் வாய்க்கால் மதகுக்குப் போய்ப் பார்ப்பார். "அது அங்க விட்ட கணக்கு. இங்க வந்த கணக்கை நான்தானே பாக்கணும்" என்பார். இது எனக்கு முழுசாகப் புரிந்தது ஒரு ரவுட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான்.

முதலில் ஆற்றின் கதை. முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்வானது, சரிவும் அதிகம். அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரித் தலைப்பில் மணல் மேடிட்டு, தஞ்சைக்கு வரவேண்டிய தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது, ஆனால் தேவைக்கு மேல் திரும்பியது. காவிரியின் படுகை அரிக்கத் தொடங்கியது. 1843இல் மேலணையின் நடுப்பகுதியின் உயரத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் எந்த வழியில் போகும் என்பதை அணையின் உயரம் தீர்மானிக்கும். அந்த உயரம் சரிதானா என்பதை ஆற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இப்போது ரவுட்டர். 2000களின் நடுவில், நான் வேலை பார்த்த நிறுவனத்தின் கும்பகோணம் கிளைக்கு ஒரு பழைய 64 கிலோபிட் லீஸ்டு லைன் இருந்தது. புதிதாக 2 மெகாபிட் இணைய இணைப்பு வாங்கி, அதன் மேல் சென்னைக்கு ஒரு ஜி.ஆர்.இ டனல் போட்டேன். ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் இந்த முறை 1994இல் ஆர்.எஃப்.சி 1701 ஆக வெளிவந்தது. டனல் 'அப்' என்று காட்டியது, ஆனால் அதன் கவுண்டர்கள் நகரவே இல்லை. எல்லாமே பழைய லைனில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் ஒரு எண். இன்டர்ஃபேஸில் 'பேண்ட்வித்' என்று நாம் எழுதுவது வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. அது ஓ.எஸ்.பி.எஃப் மாதிரியான ரூட்டிங் முறைகளுக்குச் சொல்லும் தகவல் மட்டுமே. 100 மெகாபிட்டை அந்த எண்ணால் வகுத்து வழிக்கு ஒரு 'காஸ்ட்' போடுவார்கள், குறைந்த காஸ்ட் ஜெயிக்கும். டனலுக்கு நான் எதுவும் எழுதாததால் ரவுட்டர் தானாக 9 கிலோபிட் என்று எடுத்துக்கொண்டிருந்தது. காஸ்ட் 11111. பழைய லைனுக்கு 1562 தான்!

அவசரத்தில் டனலுக்கு 100 மெகாபிட் என்று எழுதினேன். போக்குவரத்து உடனே இந்தப் பக்கம் வந்தது. ஆனால் 'லோட்' என்பதும் அதே எண்ணை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் 2 மெகாபிட் முழுசாக நிரம்பியபோதும் 255இல் 5 என்று காட்டியது. இணைப்பு மூச்சுத் திணற, திரையில் எல்லாம் சுகம். 2048 என்று திருத்திய பிறகுதான் லோட் உண்மை பேசியது. காட்டன் தன் அணையை இறக்கத்தான் வேண்டியிருந்தது, நான் என் எண்ணை.

அப்படியும் மதிய நேரத்தில் கிளையிலிருந்து புகார் நிற்கவில்லை. சென்னையில் டனலின் 'அவுட்புட்' ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அப்பாவின் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. அவுட்புட் என்பது விட்ட கணக்கு. அடியில் இணையத்தில் எத்தனை பாக்கெட் தொலைந்தது என்பது டனலுக்குத் தெரியாது. இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் கவுண்டர்களைப் பூஜ்யமாக்கி, ஒரு மணி நேரம் கழித்து சென்னையின் அவுட்புட்டையும் கும்பகோணத்தின் இன்புட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் இணைப்புக் கொடுத்தவர்கள் லைனைச் சோதிக்க வந்தார்கள்.

1991இல் வந்த ஆர்.எஃப்.சி 1213இலேயே இன்டர்ஃபேஸின் வேகம் தனி, எண்ணிய பைட் தனி என்று இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் முதலாவதைப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறோம். அப்பா நிறுத்தவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டு மதகுக்குப் போனார்.