போரா, போலீஸ் நடவடிக்கையா? ஹைதராபாத் 1948-உம் மோதலைக் குறிக்கும் சொற்களின் வரலாறும்

1948 செப்டம்பர் 13 அதிகாலையில் இந்திய இராணுவம் ஹைதராபாத் சமஸ்தானத்தின் எல்லையைக் கடந்தது. மேற்கே சோலாப்பூரிலிருந்து முதன்மைப் படையும் கிழக்கே விஜயவாடாவிலிருந்து மற்றொரு படையும் முன்னேறின. கவசப் பிரிவும் பீரங்கிகளும் விமானங்களும் ஈடுபடுத்தப்பட்டன. செப்டம்பர் 17 மாலையில் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் வானொலியில் பேசிப் போர்நிறுத்தத்தை அறிவித்தார். மறுநாள் சமஸ்தானப் படைத் தளபதி எல் எத்ரூஸ், மேஜர் ஜெனரல் ஜே. என். சௌத்ரியிடம் முறைப்படி சரணடைந்தார். சௌத்ரியே ஹைதராபாத்தின் இராணுவ ஆளுநராகவும் பொறுப்பேற்றார்.

இராணுவம் தொடங்கி, சரணாகதியில் முடிந்து, இராணுவ ஆளுநரின் ஆட்சிக்கு வழிவகுத்த இந்நிகழ்வுக்கு இந்திய அரசு இட்ட பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. படைத்துறைக்குள் அதற்கு வழங்கிய பெயர் ‘ஆபரேஷன் போலோ’. இவ்விரண்டிலும் ‘போர்’ என்ற சொல் இல்லை. அச்சொல் விலக்கப்பட்டது தற்செயலா, ஒரு வாதத்தின் தேவையா என்பது ஹைதராபாத் வரலாற்றின் அடிப்படைக் கேள்விகளுள் ஒன்று. அதற்கு விடை தேட, மோதலைக் குறிக்கும் சொற்கள் எவ்வாறு பிறக்கின்றன, எதைச் சொல்கின்றன, எதை மறைக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆங்கிலத்தில் வழங்கும் ‘கான்ஃபிளிக்ட்’ என்ற சொல்லின் மூலம் இலத்தீன். ‘கான்’ என்பது ஒருங்கே என்னும் பொருள் தரும் முன்னொட்டு. ‘ஃபிளிகெரே’ என்பது அடித்தல், தாக்குதல். ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளுதல் என்பதே வேர்ப்பொருள். யார் முதலில் அடித்தார், யாருடைய கை வலியது என்னும் வினாக்களுக்கு அச்சொல்லில் இடமில்லை. தமிழில் அதற்கு நிகராக வழங்கும் ‘மோதல்’ என்பதும் அத்தகையதே. அலை கரையில் மோதுகிறது, கரையும் மோதுண்கிறது. சொல் இரு பக்கத்தையும் ஒரே அளவில் நிறுத்திவிடுகிறது.

தமிழின் பழஞ்சொற்கள் இதைவிட நுட்பமானவை. ‘பொருதல்’ என்பது போரிடுதல். ‘பொரு’ என்பதற்கு ஒப்பு என்ற பொருளும் உண்டு. ஒத்தவரோடுதான் பொருத முடியும் என்ற எண்ணம் அதனுள் உறைகிறது. ‘பூசல்’ பேரொலியையும் குறிக்கும், போரையும் குறிக்கும். ‘பிணங்குதல்’ என்பது மாறுபடுதல். பின்னிக் கிடத்தலும் அதுவே. ‘வழக்கு’ என்பது மரபான நடைமுறையையும் நீதிமன்றத்தில் தொடுக்கப்படும் சச்சரவையும் ஒருங்கே சுட்டுகிறது. ‘முரண்’ பகையாகவும் வலிமையாகவும் யாப்பில் ஒரு தொடையின் பெயராகவும் வழங்குகிறது. அன்றாடப் பேச்சில் கலந்துவிட்ட ‘தகராறு’ உருது வழியாக வந்த அரபுச் சொல். ‘தக்ரார்’ என்பதற்கு மூலப்பொருள் திரும்பத் திரும்பச் சொல்லுதல். இருவரும் தத்தம் பேச்சையே மீண்டும் மீண்டும் சொல்லும்போது தகராறு பிறக்கிறது.

பெயரிடுதலில் தமிழ் இலக்கணம் காட்டிய கவனமும் நினைக்கத்தக்கது. தொல்காப்பியப் புறத்திணையியல், ஆநிரை கவர்தலை வெட்சி என்றும், மண்ணாசையால் மேற்செல்லுதலை வஞ்சி என்றும், அரண் முற்றுகையை உழிஞை என்றும், வலிமையை நிலைநாட்டப் பொருதலைத் தும்பை என்றும் பிரித்தது. நோக்கமும் நிலையும் மாறும்போது பெயரும் மாற வேண்டும் என்பது அதன் கோட்பாடு. திருக்குறளும் இகல், பகைமாட்சி, பகைத்திறம் தெரிதல், உட்பகை எனத் தனித்தனி அதிகாரங்கள் வகுத்தது. வெளிப்பகையும் உட்பகையும் ஒன்றல்ல என்ற அந்த வேறுபாடே 1948இல் உலக அரங்கில் வழக்காக எழுந்தது.

1947 நவம்பர் 29 அன்று இந்திய ஒன்றியமும் நிஜாமும் ஓராண்டுக்கான ‘நிலைநிறுத்த ஒப்பந்தம்’ ஒன்றில் கையெழுத்திட்டனர். அது இணைப்பும் அன்று, பிரிவும் அன்று. அந்த இடைவெளியில் இத்திஹாதுல் முஸ்லிமீன் அமைப்பின் தலைவர் காசிம் ரஸ்வியின் கீழ் ரஜாக்கர் படை பெருகியது. கிராமங்களில் கொள்ளையும் கொலையும் நிகழ்ந்தன. இந்தியாவுடன் இணைய வேண்டும் என எழுதிய ‘இம்ரோஸ்’ இதழாசிரியர் சோயபுல்லா கான் 1948 ஆகஸ்டில் ஹைதராபாத் நகரிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். ‘ரஜாக்கர்’ என்பதன் சொற்பொருள் தன் இசைவால் பணி செய்பவர், அதாவது தொண்டர். தெலங்கானாவிலும் மராத்வாடாவிலும் அது அச்சத்தின் பெயராயிற்று. 1971க்குப் பின் வங்கதேசத்தில் அதே சொல் காட்டிக்கொடுத்தவன் என்ற வசைச்சொல்லாகவே நிலைத்தது. ஒரு சொல்லின் பொருளை அகராதியைவிட அனுபவமே விரைவாக மாற்றுகிறது.

அதே ஆகஸ்டில் ஹைதராபாத் அரசு ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவைக்கு முறையீடு அனுப்பியது. ஐ.நா. சாசனத்தின் 35ஆம் உறுப்பு, உறுப்பு நாடல்லாத ஓர் அரசும் தான் தொடர்புடைய ‘பிணக்கை’ அவையின் கவனத்துக்குக் கொண்டுவர இடமளிக்கிறது. சாசனத்தின் 2ஆம் உறுப்பின் 7ஆம் பிரிவோ, ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடுவதைத் தடுக்கிறது. ஆகவே வழக்கு முழுவதும் இரு சொற்களின் மேல் நின்றது. நடப்பது ‘பிணக்கு’ என்றால் ஹைதராபாத் ஓர் அரசு; அதன்மேல் படை செலுத்துவது போர். நடப்பது ‘உள்விவகாரம்’ என்றால் ஹைதராபாத் இந்தியாவின் ஒரு பகுதி; அங்கே படை செல்வது சட்டம் ஒழுங்கு காக்கும் காவல் பணி. படைகள் முன்னேறிக்கொண்டிருந்த செப்டம்பர் 16 அன்று பாரிஸில் கூடிய அவையில் ஹைதராபாத்தின் சார்பில் மொயின் நவாஸ் ஜங்கும் இந்தியாவின் சார்பில் ஆற்காடு இராமசாமி முதலியாரும் வாதிட்டனர். செப்டம்பர் 22இல் நிஜாம் முறையீட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அவை எந்தத் தீர்மானமும் நிறைவேற்றவில்லை. ‘போலீஸ் நடவடிக்கை’ என்ற பெயரின் வேலை இங்கே தெளிவாகிறது. களத்தில் நடந்ததை விவரிப்பதைவிட, ஹைதராபாத்தின் இறையாண்மைக் கோரிக்கையை மறுப்பதே அப்பெயரின் முதற்பணி.

அப்பெயர் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தோனேசியக் குடியரசின்மேல் 1947 ஜூலையிலும் 1948 டிசம்பரிலும் நெதர்லாந்து நடத்திய படையெடுப்புகளை டச்சு அரசு ‘காவல் நடவடிக்கைகள்’ என்றே அழைத்தது. இந்தோனேசியா தனது உள்விவகாரம் என்பது அதன் வாதம். அந்த வாதத்தை ஏற்காமல் 1947 ஜூலை இறுதியில் பாதுகாப்பு அவைக்கு அப்பிரச்சினையைக் கொண்டுசென்ற நாடுகள் ஆஸ்திரேலியாவும் இந்தியாவும். 1949 ஜனவரியில் புதுதில்லியில் ஆசிய நாடுகளின் மாநாட்டைக் கூட்டி டச்சு நடவடிக்கையைக் கண்டித்ததும் இந்தியாவே. இரு நிகழ்வுகளும் தன்மையில் வேறுபட்டவை என்பதில் ஐயமில்லை. கடல் கடந்து வந்த காலனியப் பேரரசும், நாற்புறமும் இந்திய நிலத்தால் சூழப்பட்டு மன்னராட்சியை எதிர்த்த மக்கள் இயக்கங்களைக் கொண்டிருந்த ஒரு சமஸ்தானமும் ஒன்றாகா. ஆயினும் இரண்டுக்கும் ஒரே சொல் பயன்பட்டது. அதை ஓரிடத்தில் மறுத்த அரசு பிறிதோரிடத்தில் தானே கையாண்டது. 1950 ஜூனில் கொரியாவில் அமெரிக்கப் படைகள் இறங்கியபோது, இது ஐ.நா.வின் போலீஸ் நடவடிக்கையா எனச் செய்தியாளர் கேட்க, அதிபர் ட்ரூமன் ஆம் என்றார். அப்‘போலீஸ் நடவடிக்கை’ மூன்றாண்டுகள் நீடித்தது.

சொல்லாட்சி சார்ந்த இந்த விவாதத்துக்கு உயிர்களின் கணக்கோடு நேரடித் தொடர்பு உண்டு. படையெடுப்பின்போதும் அதன் பின்னரும் மராத்வாடா, பீதர், குல்பர்கா பகுதிகளில் முஸ்லிம்கள்மேல் பழிவாங்கும் வன்முறை பரவியது. உண்மை நிலையை அறிய நேரு அனுப்பிய பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கஃபார் முதலியோர் அடங்கிய நல்லெண்ணக் குழு 1948 நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் சமஸ்தானத்தில் சுற்றுப்பயணம் செய்தது. போலீஸ் நடவடிக்கையின்போதும் அதன் பின்னரும் குறைந்தது 27,000 முதல் 40,000 பேர் வரை உயிரிழந்ததாக அது மதிப்பிட்டது. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேடு மாவட்டங்கள் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தன. ரஜாக்கர்களின் கொடுமைகளையும் அக்குழு மறைக்கவில்லை. அறிக்கையை அரசு அப்போது வெளியிடவில்லை. பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே ஆய்வாளர்கள் அதைக் காண முடிந்தது, 2013இல் ஏ. ஜி. நூரானி தமது நூலில் அதைச் சேர்த்தபோது பரந்த வாசகர்களைச் சென்றடைந்தது.

இந்த இறப்புகள் எந்தச் சொல்லின் கீழ் அடங்கும்? போர் என ஏற்றால், போரில் இறந்த குடிமக்கள் என்ற வகை உருவாகும். கணக்கெடுக்கும் கடமையும் எழும். போலீஸ் நடவடிக்கை என்றால், ஐந்து நாளில் குறைந்த இழப்புடன் முடிந்த ஒழுங்குப் பணி என்ற சித்திரமே மிஞ்சும். ஐந்து நாளுக்குப் பின் நடந்தவை அதன் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். ‘கலவரம்’ என்றால் செய்தவர் யார், செய்யப்பட்டவர் யார் என்பது கலங்கிப்போகும். பொருந்தும் பெயர் இல்லாத சாவுகள் ஆவணத்தின் விளிம்பில் தங்கிவிட்டன.

மறுபுறத்தில் தெலங்கானா உழவர்களுக்கு மோதல் 1948 செப்டம்பரில் தொடங்கவும் இல்லை, முடியவும் இல்லை. 1946 ஜூலை 4 அன்று கடவெண்டி கிராமத்தில் தொட்டி கொமரய்யா சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து நிலக்கிழார்களுக்கு எதிரான எழுச்சி ஆயுதப் போராட்டமாக மாறியது. கூலியின்றி வேலை வாங்கும் ‘வெட்டி’ முறை அதன் முதல் இலக்கு. சோழர் கல்வெட்டுகளிலும் காணப்படும் அதே ‘வெட்டி’. தெலுங்கில் அவ்வியக்கத்தின் பெயரான ‘சாயுத போராட்டம்’ தமிழ்ச் செவிக்கு அந்நியமன்று. நிஜாமின் ஆட்சி வீழ்ந்த பின் அதே இயக்கத்தின்மேல் இந்தியப் படை திரும்பியது. கம்யூனிஸ்ட் கட்சி போராட்டத்தை விலக்கிக்கொண்டது 1951 அக்டோபரில்தான். ஐந்து நாள் எனப்படும் ஒரு நிகழ்வு, வேறொரு பெயரின் கீழ் ஐந்தாண்டுக்கும் மேலாக நீள்கிறது.

செப்டம்பர் 17இன் பெயர் இன்றும் முடிவாகவில்லை. மராத்வாடாவில் அது முக்தி சங்கிராம தினம். கர்நாடகத்தின் வடகிழக்கு மாவட்டங்களில் நெடுங்காலம் விமோசன தினமாக இருந்து, 2019க்குப் பின் கல்யாண கர்நாடக உத்சவம் ஆயிற்று. தெலங்கானாவில் ‘விமோசனம்’ என்போரும் ‘விலீனம்’, அதாவது இணைப்பு, என்போரும் எதிரெதிரே நிற்கின்றனர். 2022இல் ஒன்றிய அரசு விடுதலை தினமாகவும் மாநில அரசு தேசிய ஒருமைப்பாட்டு தினமாகவும் ஒரே நகரில் ஒரே நாளைக் கொண்டாடின. 2024இல் ஆட்சி மாறிய பின் மாநில அரசு அதனை மக்களாட்சி தினம் என்றது. உருது எழுத்துலகில் அதே நாளுக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று ‘சுகூத்தே ஹைதராபாத்’, ஹைதராபாத்தின் வீழ்ச்சி. விடுதலை என்பவர் நிஜாமின் ஆட்சியை அடிமைத்தளையாகக் காண்கிறார். இணைப்பு என்பவர் ஒரு நிர்வாக நிகழ்வைக் காண்கிறார். வீழ்ச்சி என்பவர் தம் இழப்பைக் காண்கிறார். மூவரும் ஒரே நாட்காட்டித் தாளைத்தான் பார்க்கிறார்கள்.

தமிழர்க்கு இது புதிய பாடமன்று. 1857ஐச் ‘சிப்பாய்க் கலகம்’ என்று பள்ளிநூல்கள் நெடுங்காலம் கற்பித்தன. வேலூர் 1806 கலகமா புரட்சியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. இலங்கையில் 1983 ஜூலையைக் ‘கலவரம்’ என்று சொல்ல மறுப்பவர் பலர். போரின் இறுதிக் கட்டத்தை அந்நாட்டு அரசு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. ‘நடவடிக்கை’ என்ற சொல் எங்கெல்லாம் ‘போர்’ என்பதன் இடத்தைப் பிடிக்கிறதோ, அங்கெல்லாம் விடுபட்ட கணக்கு ஒன்று இருக்கிறதா எனத் தேடுவது வரலாற்று மாணவரின் கடமை.

இத்தகைய சொல் தந்திரத்தைச் சட்டமும் கண்டுகொண்டது. ஹைதராபாத் நிகழ்ந்து ஓராண்டுக்குள், 1949 ஆகஸ்ட் 12 அன்று ஏற்கப்பட்ட ஜெனீவா உடன்படிக்கைகள், அறிவிக்கப்பட்ட போருக்கு மட்டுமின்றி ஏனைய ‘ஆயுத மோதல்’ அனைத்துக்கும் தாம் பொருந்தும் என்றன. ஒரு தரப்பு அதனைப் போர் என ஏற்காவிடினும் பொருந்தும் என்றன. பன்னாட்டுத் தன்மையற்ற மோதலுக்கும் குறைந்தபட்ச நெறிகளை அவற்றின் பொதுவான 3ஆம் உறுப்பு வகுத்தது. பக்கம் சொல்லாத, வெறுமனே ‘அடித்துக்கொள்ளுதல்’ என்ற அந்தப் பழைய இலத்தீன் சொல் இங்கே பயன் தந்தது. பெயரைப் பற்றிய சண்டை முடியும்வரை காயம்பட்டவர் காத்திருக்க வேண்டாம் என்பதே அச்சொல்லாட்சியின் பொருள்.

ஹைதராபாத்தின் பழைய குடும்பங்களில் ‘போலீஸ் ஆக்‌ஷன்’ என்பது ஒரு காலக்குறிப்பு. ஒரு திருமணம் அதற்கு முன் நடந்தது. ஒரு வீடு அதற்குப் பின் விற்கப்பட்டது. போர் எனச் சொல்லக் கூடாது என்பதற்காக அரசு தேர்ந்த சொல்லை மக்கள் எடுத்துக்கொண்டு, போர் ஒன்றைப் பற்றிப் பேசுவது போலவே, வாழ்வை முன் பின் எனப் பிரிக்கும் கோடாக ஆக்கிக்கொண்டார்கள்.