துருவுக்குள் ஓர் அச்சுப்பொறி

துறையூரில் பழைய இரும்புக் கடையொன்றில், உடைந்த தையல் இயந்திரங்களுக்கு நடுவே, மேசைமேல் வைத்துக் கையால் இயக்கும் சிறிய அச்சுப்பொறி ஒன்றைக் கண்டேன். கடைக்காரர் அதற்குக் கிலோ கணக்கில் விலை சொன்னார். திருமண அழைப்பிதழ், நினைவு அட்டை, திருவிழா அறிவிப்பு எனச் சிற்றூர் வாழ்வின் சிறு தாள்கள் ஒரு காலத்தில் இத்தகைய பொறிகளில்தான் உருப்பெற்றன.

அச்சு தமிழுக்கு வந்து நெடுங்காலமாயிற்று. அண்ட்ரிக் அடிகளார் தமிழாக்கிய 16 பக்கச் சிறுநூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறியது. ஆயினும் நம்மவர் தாராளமாக அச்சுக்கூடம் நிறுவ, கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 1835ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் நியூயார்க்கின் ஜார்ஜ் கோர்டன் 1850களில் உருவாக்கிய மிதிபொறியும் அதன் வழிவந்தனவும் சிறு அச்சகங்களுக்குக் கைகொடுத்தன. பெஞ்சமின் பிராங்க்ளின் கனவில் வந்து அதன் அமைப்பைச் சொன்னாராம். கோர்டன் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்! மேசைப்பொறி அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி.

இத்தகைய பொறியை அடையாளம் காண விரும்புவோர் வண்ணப்பூச்சை நம்பவேண்டாம். சட்டத்திலும் கைப்பிடியிலும் வார்க்கப்பட்ட எழுத்துகளைத் தடவிப் பார்க்கவேண்டும். எழுத்துகளை இறுக்கும் இரும்புச் சட்டமாகிய ‘சேஸ்’ஸின் உள்ளளவும் துணைசெய்யும். சாண்ட்லர்-பிரைஸ் ‘பைலட்’டுக்கு அது 6½×10 அங்குலம், அதன் கைப்பிடி பக்கவாட்டில் இருக்கும். ஆனால் அமெரிக்கக் கெல்சியிலும் ஆங்கிலேய அடானாவிலும் 8×5 அங்குல வகை உண்டு. அளவை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வது பிழையாகும்.

செப்பனிடுவதற்குப் பொறுமையே முதல் கருவி. வார்ப்பிரும்பைச் சுத்தியலால் தட்டினால் விரிசல் விடும். இறுகிய திருகாணிகளை மண்ணெண்ணெயில் சில நாள் ஊறவிடவேண்டும். மை உருளைதான் பெருஞ்சிக்கல். முன்னாளில் வச்சிரத்தையும் வெல்லப்பாகையும் காய்ச்சி வார்த்த உருளைகள் நம் கோடையில் இளகிப்போகும். இப்போது ரப்பர் பொருத்துகின்றனர். உருளையின் விட்டமும் அதன் இருமுனைச் சக்கரங்களின் விட்டமும் ஒத்திருத்தல் வேண்டும்; சற்றே பிசகினாலும் மை எழுத்தின்மீது சீராகப் படியாமல் இழுபடும்.

பொறிக்குரிய எழுத்துப் பெட்டிகளைக் கேட்டேன். “அது ஈயம் ஐயா, இரும்பைவிட நல்ல விலை. அப்போதே உருக்கக் கொடுத்துவிட்டோம்” என்றார் கடைக்காரர். பொறியைத் தேடினால் இன்னொன்று கிடைக்கலாம். தேய்ந்த தமிழ் எழுத்துகளுக்கு ஈடாகப் புதியன வார்த்துத் தருவோரை எங்கே தேடுவது?

பொறியைத் தூக்கியபோது அதன் அடித்தட்டின் இடுக்கிலிருந்து நான்கைந்து எழுத்துகள் உதிர்ந்தன. துடைத்துப் பார்த்தேன். அவற்றுள் ஒன்று, 1978ஆம் ஆண்டு அரசாணை விலக்கிய, துதிக்கை தூக்கிய பழைய ‘லை’.