பிசிஓஎஸ்: ஸ்கேனில் தெரிவது உண்மையிலேயே 'கட்டி'தானா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பிசிஓடி' என்று பார்த்ததுமே பல வீடுகளில் பதற்றம் தொடங்கிவிடுகிறது. "நீர்க்கட்டியாம், இனி குழந்தை பிறக்குமா?" என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் ஒரு விஷயம். அவை கட்டிகளே இல்லை. கருமுட்டையைச் சுமந்தபடி, முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன சின்னச் சின்னப் பைகள். அதனால் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியதும் இல்லை.

ஸ்கேன் மட்டும் போதுமா?

போதாது. 2003-ல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோல்படி, ஒழுங்கற்ற பீரியட்ஸ், ஆண்ட்ரோஜன் ஹார்மோன் அதிகரிப்பு (முகத்தில் முடி, விடாத பருக்கள்), ஸ்கேனில் தெரியும் பைகள் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். தைராய்டு மாதிரி வேறு காரணம் இல்லை என்பதையும் பார்ப்பார்கள். வயதுக்கு வந்து 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறது 2023 சர்வதேச வழிகாட்டுதல். பள்ளி மாணவியின் ஒரே ஒரு ஸ்கேனை வைத்துப் பயந்துகொண்டிருக்கும் பெற்றோர் இதைக் கவனிக்கணும்.

பிரச்னை எங்கே?

பலருக்கு இன்சுலினில். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது அதன் சுரப்பு கூடுகிறது. அது சினைப்பையை அதிக ஆண்ட்ரோஜன் சுரக்கத் தூண்ட, கருமுட்டை வெளியேறுவது தடைபட்டு பீரியட்ஸ் தள்ளிப்போகிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கழுத்துக் கருமைகூட இதன் அடையாளமாக இருக்கலாம். ஒல்லியான பெண்களுக்கும் இது வரும்.

"கல்யாணமானா எல்லாம் சரியாகிடும்" என்று தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. 3 மாதங்களுக்கு மேல் பீரியட்ஸ் வராமலே இருந்தால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் அங்கு புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. டைப் 2 சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், மனச்சோர்வுக்கான வாய்ப்பும் அதிகம். உலகளவில் பாதிக்கப்பட்டவர்களில் 70% வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குழந்தை?

தாமதமாகலாம், ஆனால் பெரும்பாலானோருக்கு முடியும். கருமுட்டை வெளியேற லெட்ரோசோல் மாத்திரையை டாக்டர்கள் முதலில் தருகிறார்கள். 'நமக்குத்தான் பிசிஓஎஸ் இருக்கே' என்று கருத்தடையை விட்டுவிடுவதும் தப்பு, எதிர்பாராமல் கர்ப்பம் தரிக்கலாம்.

உடல் எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 முதல் 10% குறைத்தாலே பலருக்கு பீரியட்ஸ் சீராகிறது. மெட்ஃபார்மின், ஹார்மோன் மாத்திரைகளை டாக்டர் சொன்னால் மட்டும் எடுங்க. அடுத்த முறை போகும்போது ரத்த சர்க்கரை, கொழுப்பு, பிபி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.