ஊர்க் கல்லாவின் சாவி – 6: சுங்கக் கட்டை

1866-ல், புதிதாகப் பிறந்த கோயம்புத்தூர் நகராட்சியின் முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸின் கையில் செலவுப் பட்டியலைக் கொடுத்துவிட்டுச் சென்ற வாரம் விடைபெற்றோம். அதில் பெரிய பாரம் எது என்று கேட்டிருந்தேன். தெருவிளக்கு, சாக்கடை, சந்தை என்று பலவும் உங்கள் மனதில் ஓடியிருக்கும்.

போலீஸ்.

1865-ம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்துக்கு நகர மேம்பாட்டுச் சட்டம் என்று பெயர். ஆனால் அந்தச் சட்டப்படி ஊர்க்காரர்களிடம் வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, சுங்கம் என்று திரட்டும் பணத்திலிருந்து, ஊரில் நிற்கும் போலீஸ்காரர்களுக்கான செலவில் பெரும்பங்கை நகராட்சியே கட்ட வேண்டும். 1857-ல் வடக்கே மூண்ட போரை அடக்கிய செலவில் கல்கத்தா கஜானா கடனில் மூழ்கியிருந்த காலம் அது. மேலே இருப்பவர்கள் தங்கள் பாரத்தைக் கீழே இறக்கி வைக்க ஓர் இடம் தேடினார்கள். நகராட்சி கிடைத்தது. ஸ்டேன்ஸுக்கு அப்போது வயது இருபத்தைந்து. காப்பிக்கொட்டை பதப்படுத்தும் தொழில் செய்துகொண்டிருந்தவர். வரவு செலவு பார்க்கத் தெரிந்த எந்த வியாபாரிக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் புரிந்திருக்கும்: வசூலிக்கும் பழி ஊருக்கு, செலவழிக்கும் உரிமை வேறொருவருக்கு.

1871-ல் புதுச் சட்டம் வந்தது. போலீஸ் செலவு இறங்கியது. அதே கையோடு பள்ளிக்கூடம், அம்மை குத்துதல் இரண்டும் ஏறின. இவை ஊருக்கு வேண்டியவைதான், மறுக்கவில்லை. அதற்கான பணம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. 1882 மே மாதம் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார். 1884-ல் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. ஊர்ப் பிரமுகர்கள் வாக்கு வாங்கி மன்றத்தில் உட்கார்ந்தார்கள். வரி உயர்த்தவோ கடன் வாங்கவோ சென்னைக் கோட்டையின் சம்மதம் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. கல்லாப்பெட்டி ஊரில் இருந்தது, சாவி கோட்டையில் இருந்தது.

அந்தச் சாவியைத் தேடி ஒருவர் மலை ஏறினார்.

*

கோயம்புத்தூரின் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இன்றும் எங்கள் ஊர்ப் பக்கம் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று இரண்டு தொட்டி இல்லாத வீடு குறைவு. நல்ல தண்ணி வரும் நாளை வைத்தே துவைப்பதும் விருந்தாளியை அழைப்பதும் முடிவாகும்.

1880-களின் இறுதியில் இந்த ஊருக்கு நல்ல தண்ணி கொண்டுவந்தே தீருவது என்று புறப்பட்டவர் சே.ப. நரசிம்மலு நாயுடு. பத்திரிகைக்காரர், அச்சகம் வைத்திருந்தவர், பம்பாயில் 1885-ல் கூடிய முதல் காங்கிரஸுக்குப் போய்வந்தவர். மேற்கே வெள்ளியங்கிரிக்கு அந்தப் பக்கம், முத்திக்குளம் மலைச்சரிவில் ஓடும் சிறுவாணியைக் கோயம்புத்தூருக்குத் திருப்ப முடியும் என்று அவர் சொன்னார், எழுதினார், மனுப் போட்டார். மலை அன்றைக்கு மலபார் மாவட்டத்தில் இருந்தது. மலபாரும் கோயம்புத்தூரும் ஒரே சென்னை மாகாணம். ஆகவே பின்னாளில் வந்த மாநிலத் தகராறு அப்போது இல்லை. தண்ணீர் மேட்டில் இருந்தது, ஊர் பள்ளத்தில் இருந்தது. மலையைக் குடைந்து வழி விட்டால் போதும், தானாக இறங்கி வரும்.

ஆனால் செலவு? ஊரின் மொத்த மக்கள்தொகை 1891-ல் 46,383. அத்தனை வீடுகளிலும் வரி வசூலித்தாலும் மலையைக் குடையும் செலவு நகராட்சியின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. திட்டம் கோப்புக்குள் போனது.

இதே வருஷங்களில் இங்கிலாந்தில் இன்னொரு ஊரும் மலைத் தண்ணீருக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. பர்மிங்காம். அங்கே 1873 முதல் 1876 வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லின், தனியார் கையில் இருந்த எரிவாயு கம்பெனிகளையும் தண்ணீர் கம்பெனியையும் நகராட்சிக்காகக் கடன் வாங்கி விலைக்கு எடுத்தார். எரிவாயுவில் வந்த லாபம் ஊருக்கே வந்தது. அந்தத் தெம்பில், 1892-ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்றி, வேல்ஸ் நாட்டு ஏலான் பள்ளத்தாக்கில் அணை கட்டி, 73 மைல் தூரம் தண்ணீரைப் புவியீர்ப்பு விசையிலேயே ஓடவிட்டார்கள். 1904-ல் மன்னர் ஏழாம் எட்வர்ட் வந்து அதைத் திறந்துவைத்தார்.

மேட்டுத் தண்ணீர், பள்ளத்து ஊர், குடைய வேண்டிய மலை எல்லாம் இரண்டு இடத்திலும் உண்டு. பர்மிங்காமுக்குக் கல்லாவின் சாவி கையில் இருந்தது. அதே முடியாட்சியின் கீழ் இருந்த கோயம்புத்தூருக்கு இல்லை. 

இந்த இடத்தில் இன்றைய பர்மிங்காமைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 2023 செப்டம்பர் 5-ம் தேதி அதே நகராட்சி, சட்டத்தின் 114-ம் பிரிவின்படி கைவிரித்து அறிவிப்புக் கொடுத்தது. சட்டக் கடமைகள் தவிர வேறு எதற்கும் புதிதாக ஒரு பவுண்டுகூடச் செலவழிக்க முடியாது என்று பொருள். பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் தராமல் விட்டதற்கான நிலுவை ஒரு பக்கம், சரியாக அமையாத புதுக் கணினிக் கணக்கு முறை ஒரு பக்கம், 2010-க்குப் பிறகு லண்டன் தரும் மானியம் சுருங்கிக்கொண்டே வந்தது இன்னொரு பக்கம். அரசு தன் ஆணையர்களை அனுப்பி மேற்பார்வைக்கு உட்கார வைத்தது. அடுத்த ஆண்டு வீட்டு வரி சுமார் 10 சதவீதமும் அதற்கடுத்த ஆண்டு ஏழரை சதவீதமும் ஏறின. 2025 மார்ச்சில் குப்பை அள்ளுவோர் முழு வேலைநிறுத்தத்தில் இறங்க, சேம்பர்லினின் தெருக்களில் கறுப்புப் பைகள் மலையாகக் குவிந்தன. ஊரே தேர்ந்தெடுத்த மன்றத்தின் தலைக்கு மேல் மேலிடத்து ஆள் வந்து உட்காருவது எப்படி இருக்கும் என்று 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தனி அலுவலர் ஆட்சியில் இருந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று சொல்லித் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கான மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்ட அந்த ஆண்டுகளுக்குத் தனி அத்தியாயமே வேண்டும். எழுதுவேன்.

இப்போது 1900-க்குத் திரும்புவோம். ஏனென்றால் அங்கே, கோப்புக்குள் தூங்கும் சிறுவாணித் திட்டத்தை எழுப்ப ஒன்று வந்துகொண்டிருந்தது. எலிகளோடு வந்தது.

*

பிளேக்.

கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. போகிற போக்கில் கும்பிட்டுவிட்டுப் போகிறோம். அந்தப் பெயருக்குள் எத்தனை வீட்டுச் சாவு இருக்கிறது என்று நின்று நினைப்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கு அதை இரண்டு எண்களில் சொல்கிறது: 1901-ல் 53,080. 1911-ல் 47,007. வளரும் ஊர், ஆலைகள் முளைக்கும் ஊர், பத்து வருஷத்தில் ஆறாயிரம் பேர் குறைந்துபோனது. செத்தவர்கள் ஒரு பங்கு, வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டங்காட்டுக்கு ஓடிச் சாளை போட்டுக்கொண்டவர்கள் ஒரு பங்கு.

நகராட்சிக் கணக்கரின் இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். பூட்டிய வீட்டில் யாரிடம் வரி கேட்பது? அதே நேரம் சுண்ணாம்பு, மருந்து, கொட்டகை, பிணம் தூக்கும் ஆள் என்று செலவு வாசலில் நிற்கிறது. வரவு குறையும் மாதத்தில்தான் செலவு கூடும். உள்ளாட்சிகளை எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் மூச்சுத் திணற வைப்பது இதுதான்.

ஆனால் பிளேக் ஒன்றைச் சாதித்தது. சுத்தமான தண்ணீரும் சாக்கடையும் வசதிக்கான விஷயங்கள் என்ற பேச்சை அது ஒழித்தது. சிறுவாணிக் கோப்பைத் திரும்பத் திரும்பத் தூசு தட்டினார்கள். நரசிம்மலு நாயுடு காத்திருந்தார். தலை நரைத்தது. 1922-ல் அவர் கண்மூடினார். அவர் கேட்ட தண்ணீரில் ஒரு சொட்டு அன்றைக்கு ஊருக்குள் வரவில்லை.

*

1920-களில் நகராட்சித் தலைவர் நாற்காலியில் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார் உட்கார்ந்தார். இன்றைய ஆர்.எஸ். புரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. பெயரைச் சுருக்கிச் சுருக்கி ஆளை மறந்துவிட்டோம்.

அவருக்கு முன்னவர்களிடம் இல்லாத ஓர் ஆயுதம் அவருக்குக் கிடைத்திருந்தது. 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதன்படி சொத்து வரியைக் கூறு போட்டு வாங்கலாம்: பொதுவுக்கு இவ்வளவு, குடிநீர் வடிகாலுக்கு இவ்வளவு, விளக்குக்கு இவ்வளவு. குடிநீர் என்று பிரித்து வாங்கும் பணம் இருந்தால், கடன் கொடுக்கிறவரிடம் போய் நின்று, ‘வட்டிக்கு வழி இருக்கிறது’ என்று சொல்ல முடியும். பெரிய குடிநீர்த் திட்டம் என்றால் மாகாண அரசின் கடனும் மானியமும் சம்மதமும் இல்லாமல் நடக்காத காலம். முதலியார் விடவில்லை. 1920-களின் பிற்பகுதியில் மலை குடையப்பட்டது. குழாய்கள் புதைக்கப்பட்டன. 1930-களின் தொடக்கத்துக்குள் சிறுவாணி கோயம்புத்தூரின் தெருக் குழாய்களில் கொட்டியது. நாற்பது வருஷக் கனவு. ஒரு குடத்தைக் கீழே வைத்து, அது நிரம்பும் சத்தத்தை முதல் தடவை கேட்ட பெண்ணின் முகத்தை யாரும் படம் எடுத்து வைக்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

இங்கே கதை சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் அதே நேரத்தில் சென்னையில் ஒரு மசோதா தயாராகிவிட்டது.

*

திருச்சி சாலையில் ‘சுங்கம்’ என்று பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறோமே, அந்தப் பெயரே வரலாறு. ஊருக்குள் நுழையும் வண்டியை மறித்து ஒரு கட்டை கிடக்கும். பருத்திப் பொதி, நெல் மூட்டை, கருப்பட்டிச் சிப்பம் எது வந்தாலும் வண்டிக்காரர் இறங்கி, மடியை அவிழ்த்து, காசைக் கொடுத்தால் கட்டை மேலே போகும். வண்டிக்காரர்களுக்கு எரிச்சல்தான். நகராட்சிக்கோ அது கைக்காசு. வீட்டு வரி போல வருஷத்துக்கு இரண்டு தடவை காத்திருக்க வேண்டாம். சந்தை கூடும் ஒவ்வொரு நாளும் வரும். ஊர் வளர வளர வண்டி பெருகும், வண்டி பெருகப் பெருகக் காசும் பெருகும்.

அப்புறம் மோட்டார் வந்தது. 1920-ல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்ட ஆரம்பித்தார். சில வருஷங்களில் கொங்குச் சாலைகளில் பஸ் பெருகியது. ஊருக்கு ஊர் கட்டையில் நின்று நின்று காசு கட்டி ஓட்ட முடியாது என்று முதலாளிகள் சொன்னதில் நியாயம் இருந்தது. 1931-ல் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. மாகாணம் முழுவதற்கும் ஒரே வாகன வரி. அதை வாங்குவது மாகாண அரசு. சுங்கச் சாவடிகளுக்கு முடிவு. உள்ளாட்சிகளுக்கு அதற்கு ஈடாக இழப்பீடு.

பயணிக்கு நல்லது, வியாபாரத்துக்கு நல்லது. நானும் அந்தக் கட்டை இன்றைக்கும் கிடக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதைக் கூர்ந்து பாருங்கள். நேற்று வரை தன் வாசலில் தானே வாங்கிய காசை, இனிமேல் கோட்டை எப்போது தரும், எவ்வளவு தரும் என்று நகராட்சி எதிர்பார்த்து நிற்க வேண்டும். சுங்கக் கட்டை மேலே போனது, திரும்பக் கீழே வரவில்லை. கல்லாவின் சாவியில் இன்னொரு பல் உடைந்தது.

அப்போதும் மன்றத்துக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கும்: கிழக்கே பார்த்தால் பணம் தெரிந்தது.

*

அவினாசி சாலையில் கிழக்கே போனால் பீளமேடு. 1920-களில் அங்கே ஆலைச் சங்குகள் ஊத ஆரம்பித்திருந்தன. ரங்கவிலாஸ், ராதாகிருஷ்ணா. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு பிள்ளைகள் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கை 1926-ல் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள். அதற்கு முன்பே, 1924-ல், சர்வஜன பள்ளி எழுந்திருந்தது. பள்ளிக்கூடம் நகராட்சி தருமென்று அந்த ஊர் காத்திருக்கவில்லை. காத்திருக்கவும் முடியாது. ஏனென்றால் பீளமேடு, கோயம்புத்தூர் நகராட்சியின் எல்லைக் கல்லுக்கு வெளியே இருந்தது.

ஆலை வெளியே. ஆலை தரும் வரியும் வெளியே. ஆலைக்கு வேலைக்கு வருகிறவர், ஆலைச் சரக்கை ஏற்றும் வண்டி, ஆலை முதலாளி வாங்கும் சந்தை, எல்லாம் நகராட்சித் தெருவைத் தேய்த்தன. மறுபக்கம், சிறுவாணி நகராட்சிக்கு வந்த தண்ணீர். கல்லுக்கு அந்தப் பக்கம் பீளமேட்டுப் பெண்கள் உப்புக் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லை நகர்த்தினால் இரண்டு பேருக்கும் விடிவு என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். அதை நகர்த்த அரை நூற்றாண்டு ஆனது.

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் என் பாட்டி, அமுச்சி, சேர்த்து வைத்த வரி ரசீதுகள் ஒரு கட்டு இருக்கின்றன. சணல் கயிற்றால் கட்டி, நடுவே வேப்பிலை போட்டு வைத்திருப்பாள். இப்போது இலை பொடியாகிவிட்டது. பழுப்புத் தாளில் ஊதா முத்திரை: சிங்காநல்லூர் நகராட்சி. பீளமேடு அப்போது அதற்குள் இருந்தது. சிறுவயதில் அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அமுச்சி சொன்னாள்: “தண்ணிக்கொரு வரி, வெளக்குக்கொரு வரின்னு கேப்பாங்க கண்ணு. கட்டீர்லாம். கட்டுனதுக்கு அது வந்து சேரோணும், அவ்வளவுதான்.”

அந்தக் கட்டில் 1981-க்குரிய ரசீதைத் தேடி எடுத்தேன். அந்த வருஷம்தான் சிங்காநல்லூரைச் சேர்த்துக்கொண்டு கோயம்புத்தூர் மாநகராட்சி ஆனது. 1971-ல் 3,56,368 பேர் இருந்த ஊர், 1981 கணக்கில் 7,04,514 பேர் ஆனது. அந்தப் புது மூன்றரை லட்சத்தில் அமுச்சியும் ஒருத்தி. ரசீதில் ஊதா முத்திரை மாறியிருக்கிறது. சிங்காநல்லூர் என்ற பெயர் அதில் இல்லை.

தாளைத் திருப்பினேன். பின்பக்கம், பென்சிலில், அமுச்சியின் கோணல் எழுத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தது.

(அடுத்த வாரம்: ரசீதின் பின்பக்கம்)