8ஆம் வகுப்புத் தேர்வுகள் எதை அளக்கின்றன? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

2018ஆம் ஆண்டில் விருதுநகர் மாவட்டம் இரண்டு முறை செய்திகளில் பெரிதாக அடிபட்டது. ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தில் விருதுநகரும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் இருந்து அந்தப் பட்டியலுக்குப் போனவை இரண்டே மாவட்டங்கள். இன்னொன்று ராமநாதபுரம்.

மே மாதம் பிளஸ் 2 ரிசல்ட் வந்தது. 97.05 சதவீத தேர்ச்சியுடன் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது அதே விருதுநகர் மாவட்டம்.

பிளஸ் 2-வில் முதலிடம் பிடிக்கும் மாவட்டம், பின்தங்கியவற்றின் பட்டியலில் எப்படி இருக்க முடியும்? இரண்டும் அளந்தது வேறு வேறு விஷயங்களை. தேர்ச்சி சதவீதம் என்பது எத்தனை பேர் பாஸ் மார்க்கைத் தாண்டினார்கள் என்ற கணக்கு. முன்னேற விழையும் மாவட்டப் பட்டியலோ வறுமை, சுகாதாரம், கல்வி, அடிப்படை வசதி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தது. அந்தத் திட்டத்தின் முன்னேற்றக் கணக்கில் கல்விக்கு 30 சதவீத மதிப்பு உண்டு. 3, 5, 8ஆம் வகுப்பு மாணவர்களின் மொழி, கணிதத் திறனும் அதில் அடக்கம்.

அதாவது ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ 8ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளை எழுதும் எல்லாத் தேர்வும் ஒரே வகை அல்ல. எது எதற்கு என்று பார்ப்போம்.

பள்ளித் தேர்வு: நடத்திய பாடம் புரிந்ததா?

காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வு எல்லோருக்கும் தெரிந்தவை. நடத்திய பாடத்தைப் பிள்ளை எவ்வளவு படித்திருக்கிறது என்று இவை பார்க்கின்றன. தமிழ்நாட்டில் 2012-13-ல் முப்பருவ முறை வந்தபோது, வகுப்பறைச் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீட்டுக்கு 40, எழுத்துத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மார்க் பிரிக்கப்பட்டது.

இந்த மார்க் உங்கள் பிள்ளைக்கே உரியது என்பதால் பயன் அதிகம். ஆனால் ஒரு குறை உண்டு. தாளைத் திருத்துபவர் பெரும்பாலும் அதே பள்ளி ஆசிரியர்தான். ஒரு பள்ளியில் 80 வாங்கியவரும் வேறு பள்ளியில் 80 வாங்கியவரும் ஒரே அளவு கற்றவர்கள் என்று சொல்ல முடியாது. இந்தக் குறையை நிரப்பத்தான் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வுகள் வந்தன.

தேசிய அடைவு ஆய்வு: ரேங்க் கார்டில் வராத தேர்வு

2017 நவம்பர் 13, 2021 நவம்பர் 12 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் 3, 5, 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கு தேசிய அடைவு ஆய்வு நடந்தது. 2021-ல் 720 மாவட்டங்களைச் சேர்ந்த சுமார் 34 லட்சம் மாணவர்கள் எழுதினார்கள். அந்த முறை 10ஆம் வகுப்பும் சேர்ந்திருந்தது. 8ஆம் வகுப்புக்கு 60 கேள்விகள், எல்லாமே கொள்குறி வகை.

எல்லாப் பள்ளியிலும் இது நடக்காது. சில பள்ளிகளையும், அங்கே சில மாணவர்களையும் மாதிரியாக எடுப்பார்கள். 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்ற கணக்குதான். மாதிரியைச் சரியாக எடுத்தால் மாவட்டத்தின் நிலை தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் பானை மாவட்டம்தான், உங்கள் ஊர் அல்ல. விருதுநகர் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள் இருக்கின்றன. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அவற்றில் இரண்டு. இந்த ஆய்வின் அறிக்கை மாவட்டத்தோடு நின்றுவிடும். 'ராஜபாளையம் முந்தியதா, ஸ்ரீவில்லிபுத்தூர் முந்தியதா?' என்று கேட்டால் இதில் பதில் கிடைக்காது. பிள்ளைக்குத் தனி மார்க்கும் வராது.

'பராக்' சர்வே: 6ஆம் வகுப்பில் என்ன தெரிந்தது?

2024 டிசம்பர் 4-ல் இந்த ஆய்வு 'பராக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷன்' என்ற புதுப் பெயரில் நடந்தது. வகுப்புகளும் மாறின. இம்முறை 3, 6, 9. நாடு முழுவதும் 781 மாவட்டங்களில் 21 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் எழுதினார்கள்.

தேசிய அளவில் கணிதத்தின் சராசரி 3ஆம் வகுப்பில் 60 சதவீதம், 6ஆம் வகுப்பில் 46, 9ஆம் வகுப்பில் 37. வகுப்பு ஏற ஏற மார்க் இறங்குகிறது. 10 வரையிலான வாய்ப்பாடு தெரிந்தவர்கள் 6ஆம் வகுப்பில் 53 சதவீதம் பேர் மட்டுமே.

நடுநிலை வகுப்புகள் ஏன் முக்கியம் என்பது இங்கேதான் புரியும். வாய்ப்பாடு தடுமாறினால் பின்னம் புரியாது. பின்னம் புரியாவிட்டால் 8ஆம் வகுப்பு இயற்கணிதத்தை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. மனப்பாடம் செய்து பாஸ் ஆகலாம். அடுத்த வகுப்பில் அது கைகொடுக்காது.

ஒரு எச்சரிக்கை: 2021 முடிவையும் 2024 முடிவையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். 2021-ல் 8ஆம் வகுப்புக் கணிதத்தின் தேசிய சராசரி 255. அது 500-க்கு வகுத்த அளவுகோல் மதிப்பெண், சதவீதம் அல்ல. வகுப்பும் வேறு, அளவுகோலும் வேறு. வாட்ஸ்அப்பில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரும் படங்களை நம்ப வேண்டாம்.

ஸ்லாஸ்: மாநில அரசின் சொந்த அளவுகோல்

தமிழ்நாடு அரசும் 2025 தொடக்கத்தில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு 'ஸ்லாஸ்' எனப்படும் மாநில அளவிலான அடைவுத் தேர்வை அரசுப் பள்ளிகளில் நடத்தியது. சுமார் 9.8 லட்சம் மாணவர்கள் இதில் பங்கேற்றார்கள். தேசிய ஆய்வைவிட மாதிரி பல மடங்கு பெரிது என்பதால், எந்தப் பகுதியில் எந்தத் திறன் குறைகிறது என்பதை இன்னும் நெருங்கிப் பார்க்க முடிகிறது.

அதே 2025-ல், நடுநிலை வகுப்புகளில் அடிப்படைத் திறனில் பின்தங்கிய மாணவர்களைக் கண்டறிந்து தனிப் பயிற்சி தரும் 'திறன்' திட்டமும் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம், கணிதம் மூன்றும் இதில் இருக்கின்றன. அளந்ததோடு விடாமல் அடுத்த வேலையைச் செய்கிறோமா என்பதுதான் எந்தத் தேர்வுக்கும் உண்மையான சோதனை.

என்.எம்.எம்.எஸ்.: பணம் கிடைக்கும் தேர்வு

8ஆம் வகுப்புப் பெற்றோர் தவறவிடக் கூடாதது இது. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. தேர்வானவர்களுக்கு 9 முதல் பிளஸ் 2 வரை மாதம் 1,000 ரூபாய். 4 ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். மில் வேலை, கைத்தறி, பேண்டேஜ் துணி நெசவு என்று வாரக்கூலியில் ஓடும் குடும்பங்களுக்கு இது சின்னத் தொகை அல்ல.

• அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் 8ஆம் வகுப்பு படிக்க வேண்டும்

• குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்

• 7ஆம் வகுப்பில் 55 சதவீத மார்க் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 50)

• மனத்திறன் தேர்வில் 90 கேள்விகள், படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்விகள்

நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் இடங்கள். தமிழ்நாட்டின் பங்கு 6,695. இது போட்டித் தேர்வு. 'கற்றிருக்கிறாரா' என்று பார்ப்பதைவிட 'மற்றவரை முந்துகிறாரா' என்றுதான் பார்க்கிறது. அதனால் இதில் தேர்வாகாத பிள்ளையை மக்கு என்று நினைத்துவிடக் கூடாது.

அப்போ 8ஆம் வகுப்புக்கு பொதுத்தேர்வு வருமா?

2019 செப்டம்பரில் 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 2020 பிப்ரவரி 4-ல் ரத்து செய்தது. 2024 டிசம்பரில் மத்திய அரசு இந்த இரு வகுப்புகளிலும் மாணவர்களை நிறுத்திவைக்க வழி செய்யும் விதியை வெளியிட்டது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 8-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் 8ஆம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சியைத் தொடர்கிறது.

ஃபெயில் பயம் இல்லை என்பது நல்லதுதான். பிள்ளை பள்ளியை விட்டு மில்லுக்கோ கடை வேலைக்கோ போய்விடாமல் இருக்க அது உதவும். ஆனால் 'ஆல் பாஸ்' என்பதாலேயே, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது 9ஆம் வகுப்பு வரை வீட்டுக்குத் தெரியாமல் போகவும் வாய்ப்பு இருக்கிறது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

• வீட்டிலேயே பாருங்கள்: 3ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தடங்கல் இல்லாமல் வாசித்து, சொந்த வார்த்தையில் சொல்கிறாரா? 'அரைக் கிலோவில் கால் கிலோ போனால் மிச்சம் எவ்வளவு?' என்று கேட்டால் பதில் வருகிறதா?

• ஆசிரியரிடம் 'எத்தனை மார்க்?' என்பதோடு 'எந்தக் கற்றல் விளைவு இன்னும் வரவில்லை?' என்றும் கேளுங்கள்

• பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அடைவுத் தேர்வில் எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறோம், அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று அங்கே கேட்கலாம்

• என்.எம்.எம்.எஸ். விண்ணப்பத் தேதியைப் பள்ளியில் முன்கூட்டியே விசாரித்து, வருமானச் சான்றிதழைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்

எடை போடும் மிஷினில் ஏறி நின்றால் மட்டும் உடம்பு தேறாது. தேர்வும் அப்படித்தான். 97 சதவீத தேர்ச்சி காட்டிய மாவட்டத்துக்கு அடுத்த சவால், 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் புரிந்து வாசித்து, புரிந்து கணக்குப் போடுவதுதான்.